மீன்காரர் போனில் முல்லைப்பூ

காத்திருக்கச் சொன்ன இசை ஓடி முடிந்து, மறுபடியும் முதலில் இருந்து தொடங்கியது. பிரகதீஸ்வரி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். காலையில் இருந்து இதே பாட்டுதான். நடுவில் ஒரு பெண் குரல் வந்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போகும். அவ்வளவு முக்கியமானவளை இவ்வளவு நேரம் யாரும் காக்க வைத்ததில்லை.

"இந்த மியூசிக்கை குடுமியான்மலைப் பாறையில, அந்தப் பழைய சங்கீதக் கல்வெட்டு பக்கத்துல வெட்டி வச்சிரலாம்க்கா," என்றான் பைரோஸ். "ஆயிரம் வருசம் கழிச்சு வர்றவன் படிச்சுப் பார்த்துட்டு, ஓகோ, அந்தக் காலத்துல மனுசங்களை இப்படித்தான் கொன்னிருக்காங்கன்னு தெரிஞ்சுக்குவான்."

"வாயை மூடிட்டு டீ சொல்லு."

"சொல்லி, வந்து, நீங்களே குடிச்சும் முடிச்சாச்சு. கிளாஸ் ஒங்க முன்னாடிதான் இருக்கு."

கிளாஸ் முன்னால்தான் இருந்தது. அவள் அதைத் தள்ளி வைத்தாள்.

கீழ ராஜ வீதியில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது அவர்கள் அலுவலகம். துப்பறியும் நிறுவனம் என்று பலகை போட்டது அவள் கணவன். அவன் இறந்த பிறகு பலகையை இறக்க மனசில்லாமல் அவளே உட்கார்ந்துவிட்டாள். வருகிற வேலையெல்லாம் மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு ஏற்கெனவே ஏதாவது உண்டா என்கிற வகைதான். பைரோஸ் முன்பு பஸ் ஸ்டாண்டு எதிரில் செல்போன் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். கழற்றத் தெரியாத போன் கிடையாது, மூடத் தெரியாதது அவன் வாய் மட்டும்தான். ஆனால் மேசை இழுப்பறையில் சார்ஜ் ஏறிக்கொண்டே கிடக்கும் பழைய போனைப் பற்றி மட்டும் அவன் ஒரு நாளும் கிண்டல் பேசியதில்லை. அது அவள் கணவனுடையது. திறக்கும் எண் அவளுக்குத் தெரியும். திறந்ததில்லை.

முந்தின நாள் கோட்டைப்பட்டினத்தில் இருந்து வந்திருந்தாள் ரஹீமா பீவி. மகள் ஆஃபியா கைக்குழந்தையோடு வெளிநாட்டில் இருக்கிறாள், மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. ஒரு மாதமாக மகள் போனில் தன் அப்பாவைப் பற்றிக் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: அத்தா எப்ப வருவாங்க, என்னை எப்பக் கூட்டிட்டுப் போவாங்க. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. ரஹீமாவுக்கும் அவள் கணவர் ஜமால் முகமதுக்கும் விசா வந்தது. உனக்கு முழங்கால் வலி, நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜமால் மட்டும் கிளம்பினார். அந்த நாட்டு விமான நிலையத்தில் அவர் போனை வாங்கிப் பார்த்தார்கள். பார்த்த கையோடு அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"போன்ல ஏதோ படம் இருந்துச்சாம். இவுங்க எடுத்த படமே இல்லை," என்றாள் ரஹீமா. "யாரோ வேணுமுன்னே போனை மாத்தி வச்சிருக்காங்க. யாருன்னு கண்டுபிடிச்சு எழுதிக் குடுத்தா, திரும்ப விடுவாங்களாம். வெள்ளிக்கிழமையோட விசா முடியுது."

போகும்போது தன் போனையும் காட்டினாள். "வீடியோ கால்ல பேத்தியைப் படம் புடிக்கலாம்னு அமுக்குறேன். எப்பப் பாரு மேல ஓடுற ஃபேன்தான் விழுது. இவ போனை மல்லாக்க வச்சுட்டு சமைச்சுக்கிட்டே பேசுறா. அந்த ஃபேன் எனக்கு மனப்பாடம் தம்பி. ஒரு றெக்கையில கறை இருக்கு."

பைரோஸ் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டுத்தான் படி இறங்கினாள்.

இன்று புதன். இசை சட்டென்று நின்றது. அந்த நாட்டுக் குடியேற்ற அலுவலகத்தில் இருந்து ஓர் ஆண் குரல் பயணியின் பெயரைக் கேட்டது, விசைப்பலகையைத் தட்டும் ஓசை கேட்டது. பிறகு ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக: "அந்தப் போன் தன்னுடையதுதான் என்று பயணியே கையெழுத்துப் போட்டிருக்கிறார், மேடம். அவருடைய போன் என்றால், அதில் இருப்பதும் அவருடையது."

"போன் மாறியிருந்தா?"

"அதை அவர் சொல்ல வேண்டும். அவர் அப்படிச் சொல்லவில்லை."

"அவரை நீங்க கேட்டீங்களா?"

"உங்கள் அழைப்புக்கு நன்றி, மேடம்."

பிரகதீஸ்வரி பைக் சாவியை எடுத்து பைரோஸ் மேல் எறிந்தாள்.

*

ஜமால் முகமதுவின் கருவாட்டுக் கடை கோட்டைப்பட்டினம் கடைத்தெருவின் கோடியில் இருந்தது. ஆள் வாட்டசாட்டமாக, வெள்ளை முழுக்கைச் சட்டையில் உட்கார்ந்து நெத்திலியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். இவர்கள் யாரென்று தெரிந்ததும் முகம் இறுகியது.

"எத்தனை தடவைம்மா சொல்றது? போன் என் போன்தான். ரஹீமா ஏதோ மனசு கேக்காம ஒங்ககிட்ட வந்திருக்கு. விட்ருங்க."

"என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க பாய்."

"என்ன நடந்துச்சு? வரிசையில நின்னேன். தனியா ஒரு ரூமுக்குக் கூப்பிட்டாங்க. போனைத் திறந்து குடுன்னான், குடுத்தேன். உள்ள எடுத்துட்டுப் போயிட்டான். போனை வாங்குனா நம்ம கண்ணு முன்னாடியாவது பார்க்கணும்ல? பொம்பளைப் புள்ளை படம் இருக்கும், குடும்பப் பேச்சு இருக்கும். எவன் எவன் பார்த்தான், என்னத்தை எடுத்து வச்சுக்கிட்டான், யாருக்குத் தெரியும்?" அவர் குரல் உயர்ந்து, தானாகவே தணிந்தது. "வெளியில வந்து ஒரு படத்தைக் காட்டுனான். இது என்னன்னான். தெரியாதுன்னேன். அப்பப் போன் யாருதுன்னான். என்னதுன்னேன்."

"பரீட்சையில ரெண்டு கேள்வி, ரெண்டுக்கும் தப்பான பதில்," என்றான் பைரோஸ். "போனைக் குடுங்க மாமு."

அழித்த படங்கள் சில நாள் போய்க் கிடக்கும் குப்பைத்தொட்டியை அவன் திறந்தான். ஒரே ஒரு படம். சமையல்காரர்கள் போடும் வெள்ளைக் கோட்டின் கை. அதில் அந்த நாட்டு ஹோட்டல் ஒன்றின் நீல முத்திரை. அந்தக் கையின் மணிக்கட்டில், அப்போதுதான் கொப்பளித்த தீக்காயம். முகம் இல்லை.

"சுற்றிப் பார்க்கிற விசாவுல வந்துட்டு ஹோட்டல்ல வேலை பார்க்கிற ஆளுன்னு முடிவு கட்டிட்டாங்க," என்றாள் பிரகதீஸ்வரி. "பாய், சட்டைக் கையைக் கொஞ்சம் மடக்குங்க."

அவர் தயங்கினார். மடக்கினார். மணிக்கட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

"இதை அவங்ககிட்ட காட்டியிருந்தாலே போதுமே!"

"அவங்க போனைத்தான் பார்த்தாங்க," என்றார் ஜமால். "என் கையை யாரும் பார்க்கலை."

"நீங்களாவது நீட்டியிருக்கலாம்ல?"

அவர் நெத்திலிக் குவியலை இங்கிட்டு இருந்து அங்கிட்டுத் தள்ளினார். மகளைக் கூட்டிவர முடியாமல் திரும்பிய ஒரு மனுசன், தன்னைக் காப்பாற்றக்கூடிய கையைச் சட்டைக்குள் இழுத்து விட்டுக்கொள்கிறார். பிரகதீஸ்வரிக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது.

அந்த நேரத்தில்தான் நாயனம் ஒலித்தது.

கோயில் மேளத்தோடு முழங்கியது ஜமாலின் போன். அவர் பதறிப்போய் வாங்கி அங்கே அமுக்கினார், இங்கே அமுக்கினார். மேளம் இன்னும் விறுவிறுப்பாக அடித்தது. கடைசியில் பைரோஸ்தான் நிறுத்தினான். திரையில் இருந்ததை உரக்கப் படித்தான்: "முல்லை ரேட் கேட்கணும்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமு," என்றான் பைரோஸ், "நெத்திலிக்கு முல்லைப்பூ சுத்தியா விக்கிறீங்க? நல்ல யோசனைதான். வாசம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும்."

"அது தானா அடிக்குதுப்பா. அந்த ரூம்லயும் அடிச்சுச்சு. அவனுங்களே பயந்துட்டானுங்க."

"ஒங்க போன் அடிச்சா ஒங்களுக்கு நிறுத்தத் தெரியாதா?" என்றாள் பிரகதீஸ்வரி.

"புதுசும்மா," என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பது போல் நாக்கைக் கடித்துக்கொண்டார். பைரோஸ் அந்தப் படத்தையும் நாயனத்தையும் தன் போனுக்கு ஏற்றிக்கொண்டான்.

கடையை விட்டு வெளியே வந்ததும் பைரோஸ் சொன்னான்: "படத்தை அழிச்சிருக்கான், பேச்சை அழிச்சிருக்கான், நம்பரை அழிச்சிருக்கான். அலாரத்தை மறந்துட்டான். வீட்டைக் காலி பண்றவன் செவுத்து ஆணியை விட்டுட்டுப் போற மாதிரி."

"ஆணி எந்த ஊருன்னு தெரியுதுல்ல?"

"பூ ரேட்டை அலாரம் வச்சுக் கேக்குற ஊரு நம்ம ஜில்லாவுல வேற எது? கீரமங்கலம். ஏறுங்க. ஆனா அறந்தாங்கியில பரோட்டா. இது என் நிபந்தனை."

அறந்தாங்கியில் நிற்கவில்லை. அவன் கீரமங்கலம் வரைக்கும் புலம்பிக்கொண்டே ஓட்டினான்.

*

பூ கமிஷன் மண்டிகளில் அந்த நேரத்தில் நிற்க இடம் இல்லை. தோட்டத்தில் இருந்து வந்த மூட்டைகள் அவிழ்ந்துகொண்டே இருந்தன. எடைக்கல் விழும் ஓசைக்கு மேல் எல்லோரும் கத்தினார்கள். பிரகதீஸ்வரி இரண்டு மண்டிகளில் விசாரித்தாள். வெளிநாட்டில் சமையல் வேலைக்குப் போய் வந்தவர் யாராவது? ஒருவர் இவள் கையில் காகிதம் இருக்கிறதா என்று பார்த்தார். இன்னொருவர், பூ வாங்கவா வந்தீங்க, வழியை விடுங்க என்றார். வரிக்காரி என்று நினைத்துவிட்டார்கள் போல. கேட்கக் கேட்க வாய்கள் மூடிக்கொண்டே வந்தன.

அவள் ஒரு தூணில் சாய்ந்தாள். போனில் ஒருத்தன் நன்றி சொல்லிக் கதவைச் சாத்துகிறான். இங்கே நன்றிகூட இல்லை.

"பைரோஸ். அந்த நாயனத்தைப் போடு. நல்லா சத்தமா."

"கல்யாணம் யாருக்குன்னு கேப்பாங்களே."

"போடுடா."

அவன் போனை உயர்த்திப் பிடித்து அலாரத்தை ஓட விட்டான். மண்டி முழுக்க மேளமும் நாயனமும் முழங்கின. இரண்டொருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மற்றவர்கள் சட்டை செய்யவில்லை. ஒரே ஓர் ஆள் மட்டும், தராசில் முல்லையை அள்ளிப் போட்டுக்கொண்டே, தலையைக்கூடத் திருப்பாமல், இடது கையால் தன் சட்டைப் பையைத் தடவினான்.

தடவிய அந்தக் கையின் மணிக்கட்டில், வழவழவென்று ஆறிப்போன தீத்தழும்பு இருந்தது.

பெயர் சூர்யபிரகாஷ். டீக்கடை நிழலுக்கு அழைத்துப் போய்ப் படத்தைக் காட்டியதும் முதலில் இல்லை என்றான். பைரோஸ் அவன் கையைப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினான். "கை ஒண்ணு, காயம் ஒண்ணு. ஊரு மட்டும் ரெண்டு."

"எண்ணெய் கொட்டிருச்சுங்க. அம்மாவுக்குக் காட்டலாம்னு எடுத்தேன். அப்புறம் அழுவாங்களேன்னு அனுப்பலை," என்றான் சூர்யபிரகாஷ். "எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் வித்தேன். அறந்தாங்கியில பழைய போன் கடை வச்சிருக்கிறது எங்க மச்சான்தான்."

"அந்தப் படத்தால ஒரு ஆளைத் திருப்பி அனுப்பிட்டாங்க. இது என் கைதான்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்."

"எழுதிட்டு? நானும் அதே சுற்றுலா விசாவுலதான் போயி வேலை பார்த்தேன். ஆவணியில திரும்பப் போகப்போறேன். என் பேரு அங்கிட்டுத் தெரிஞ்சா நான் இங்கயே பூ அள்ளிக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான். கால்ல வேணா விழுறேங்க. எழுத மட்டும் சொல்லாதீங்க."

அவள் கெஞ்சினாள், அதட்டினாள், ஆஃபியாவின் கைக்குழந்தையைப் பற்றிச் சொன்னாள். அவன் தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். கண் கலங்கியது. ஆனாலும் ஆட்டிக்கொண்டே இருந்தான். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

எழுந்தபோது அவனே சொன்னான்: "அந்தப் பாய் அம்புட்டுத் தடவை கேட்டாருங்க. இதுல ஒண்ணுமே இல்லையே, காலியாத்தானே இருக்குன்னு. நானும் தலையை ஆட்டிட்டேன்."

பிரகதீஸ்வரி நின்றாள். "எந்தப் பாய்?"

"போனை வாங்குனவரு. நான் கடையில நிக்கும்போதே வந்தாரு. வெள்ளைச் சட்டை, வாட்டசாட்டமான ஆளு. பக்கத்துல வந்தா கருவாட்டு வாசம்."

*

பைக்குக்குத் திரும்பும் வரை பைரோஸ் பேசவில்லை. பிறகு மொத்தமாகக் கொட்டினான். "யாரும் மாத்தலை. அவரே போயி, அவரே வாங்கி, அவரே மாட்டிக்கிட்டாரு! நம்மளை எதுக்குக்கா வெயில்ல அலைய விட்டாரு? ஆளு தங்கம் கடத்துற குருவியோ? இல்லைன்னா காலிப் போனுக்கு எதுக்கு அம்புட்டு அவசரம்?"

"போனை ஒளிக்கிறவன் எல்லாம் திருடனா?"

"வேற என்ன?"

அவள் இழுப்பறையில் கிடக்கும் போனை நினைத்துக்கொண்டாள். அதில் அவளுக்கு எதிராக எதுவும் இராது. இருந்தாலும் அது அவனுடையது, அவன் அவளிடம் காட்டியதில்லை. அதனால்தான் திறக்கவில்லை. காலிப் போன் கேட்டு ஒருவன் அலைகிறான் என்றால் அவன் வீட்டில் ஒரு நிறைந்த போன் இருக்கிறது. அதில் இருப்பது அவனுடையதாக இல்லாமலும் இருக்கலாம். அவனை நம்பி வேறு யாரோ கொடுத்து வைத்ததாக இருக்கலாம்.

முழங்கால் வலி. நீ வேண்டாம். பொம்பளைப் புள்ளை படம் இருக்கும். மல்லாக்கக் கிடக்கும் போன்.

"வண்டியைத் திருப்பு," என்றாள். "கோட்டைப்பட்டினம்."

"பரோட்டா?"

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் வண்டியைத் திருப்பினான்.

*

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஜமால் சாயங்கால அஸர் தொழுகை முடிந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே ரஹீமா டீ போடும் ஓசை கேட்டது. பிரகதீஸ்வரி அவரை ஓரமாக நிறுத்தினாள்.

"கீரமங்கலம் போயிட்டு வாரோம் பாய். முல்லைப்பூக்காரரைப் பார்த்தாச்சு."

அவர் தோள்கள் இறங்கின.

"ஒங்க சொந்தப் போன்ல என்ன இருக்குன்னு நான் கேக்க மாட்டேன். அது யாருக்குத் தெரியக் கூடாது? அதை மட்டும் சொல்லுங்க."

ஜமாலின் கண்கள் அடுப்படிப் பக்கம் போய்த் திரும்பின.

தணிந்த குரலில் பேசினார். "ஆஃபியா எனக்கு மட்டும் அனுப்புச்சும்மா. கண்ணு கிட்ட, கழுத்துல, முதுகுல, மாப்பிள்ளை அடிச்ச தடம். தலையில முக்காடுகூட இல்லாம, கண்ணாடி முன்னாடி நின்னு தானே எடுத்த படம். எதுக்கும் இருக்கட்டும் அத்தா, வச்சுக்கங்க, அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்கன்னு அழுதுச்சு. ஏர்போர்ட்ல போனைத் திறந்து பார்ப்பாங்கன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். ஊரு பேரு தெரியாதவன் எம்புள்ளை ஒடம்பைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்ப்பான். அழிச்சா, நாளைக்குச் சாட்சி இல்லை. வீட்ல வச்சா ரஹீமா பார்த்துரும். அதான் போனைக் கருவாட்டு மூட்டைக்குள்ள போட்டுட்டு, இன்னொண்ணு வாங்குனேன். இந்தப் போன் என்னது இல்லைன்னு அவன்கிட்ட சொன்னா, ஒன் போன் எங்கன்னு கேப்பான். என்ன சொல்றது?"

பைரோஸ் முகத்தைத் திருப்பித் தெருவைப் பார்த்துக்கொண்டான்.

அந்தப் படங்களைக் காட்டியிருந்தால் ஒருவேளை உள்ளே விட்டிருப்பார்கள் என்று பிரகதீஸ்வரிக்குத் தோன்றியது. விடாமலும் போயிருக்கலாம். அதை அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இனி முறையிட வேண்டுமானால் போன் தன்னுடையது அல்ல என்று அவரே சொல்ல வேண்டும், மகள் கொடுத்து வைத்ததைக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருக்கும் யாரோ ஒருவன் முன் விரித்து வைக்க வேண்டும். அப்படியே செய்தாலும் அந்த இசை மறுபடி முதலில் இருந்து தொடங்கும். வெள்ளிக்கிழமைக்குள் முடியாது. வந்த வேலை முடிந்தது, ஒரு பயனும் இல்லை.

"டீ ஆறுது," என்றது ஒரு குரல்.

ரஹீமா நிலைப்படியில் தட்டோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. ஜமால் அவள் பக்கம் திரும்பினார்.

"ரஹீமா, இது ஒண்ணும்..."

"எனக்குத் தெரியும்," என்றாள். தட்டைப் பைரோஸ் கையில் கொடுத்தாள். "பெத்தவகிட்ட மூஞ்சியைக் காட்டாம மூணு மாசமா ஃபேனைக் காட்டுறான்னா, மூஞ்சியில என்னமோ இருக்குன்னுதானே அர்த்தம்? அது தெரியாத மடைச்சியா நான்? நீங்க வாயைத் திறந்து சொல்வீங்கன்னு பார்த்தேன். ஏர்போர்ட்ல இருந்து திரும்பி வந்து, போன் என்னது என்னதுன்னு சுவத்தைப் பார்த்துச் சொன்னீங்க பாருங்க, அன்னைக்கே இனி சொல்ல மாட்டீங்கன்னு தெரிஞ்சு போச்சு. அதான் இந்தத் தங்கச்சி ஆபீஸ் படியேறுனேன்."

ஜமால் உள்ளே போய், எங்கோ மூட்டை அவிழும் ஓசைக்குப் பின், பாலிதீன் பையில் சுற்றிய ஒரு போனோடு திரும்பி வந்தார். வீடெங்கும் கருவாட்டு வாசம் வந்தது. அவளிடம் நீட்டினார்.

அவள் கையை நீட்டவில்லை. "எனக்கு வேணாம். அவ காட்டணும்னு நினைச்சா நேர்லயே காட்டட்டும். தங்கச்சி, என் விசா வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்குல்ல? திருச்சியில இருந்து நாளைக்கு டிக்கெட் கெடைக்குமா?"

"கெடைக்கும்," என்றாள் பிரகதீஸ்வரி. "அங்க எறங்கின ஒடனே ஒதவிக்கு ஆள் சொல்லி வைக்கிறேன். ஆனா ஒங்களையும் தனியா கூப்பிட்டு நிறுத்துவாங்க. பாய் பேரு அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கு."

"போனையும் வாங்கி நோண்டுவாங்க மாமி," என்றான் பைரோஸ். அவன் குரலில் கிண்டல் இல்லை. "காலிப் போன் ஒண்ணு நான் சரி பண்ணித் தரவா? ஆணிகூட இல்லாம?"

"எதுக்கு? என் போனையே கொண்டு போறேன்." ரஹீமா இடுப்பில் இருந்து தன் போனை எடுத்து, மகள் வீட்டுக் கூரைப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்காட்டினாள். "எம்புட்டு நேரம் வேணாலும் வச்சுப் பார்க்கட்டும். அம்புட்டும் ஃபேன்தான்."